சீரியஸ் என்றுதான் சொல்லியிருக்கிறோம்

அத்தியாயம் 17

இடுப்பில் ஆரம்பித்த வலி வலது தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்பரசன் விமானி இருக்கையில் ஒருக்களித்துப் பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான். அது விடுவதாக இல்லை. இருட்டோடு எழுந்து குளித்துக் கிளம்பியவன். ஏறுவதும் இறங்குவதுமாக இது இன்றைக்கு நாலாவது பயணம்.

அவனுடைய அம்மா காளியம்மாளுக்கும் அதே இடத்தில்தான் வலி. கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் குனிந்து நட்டு, குனிந்து அறுத்து வாங்கிக்கொண்ட வலி. "உக்காந்து சம்பாதிக்கிற ஒடம்புக்கு என்னடா இடுப்பு வலி?" என்று போன தடவை சிரித்தாள். சீருடையைக் கழற்றினால் அவனும் கூலிக்காரன்தான். மணிக்கணக்குக் கூலி.

வெளியே சென்னை விமான நிலையத்தின் தரை வெயிலில் அனல் அடித்தது. இரண்டு இறக்கைகளிலும் விசிறி வைத்த சின்ன விமானம். திருச்சிக்குப் போக ஒரு மணி நேரம். இன்னும் பயணிகளை ஏற்றவில்லை. அன்பரசன் போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தான்.

விடியற்காலையில் செம்மொழியிடமிருந்து வந்த போன் அவனை என்ன செய்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அவளுடைய மாமியார் சுந்தரி, வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குடியிருப்பில், தூக்கத்திலேயே போய்விட்டாள். மீன் கூடையைத் தலையில் சுமந்து பிள்ளைகளை வளர்த்தவள். மகன் ஜெயபால் கூலி வீட்டுப் பெண்ணான செம்மொழியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, அவனோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

ஜெயபால் காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். செம்மொழி தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். செய்தி முதலில் வந்தது அவளுக்குத்தான், நாத்தனார் கனகாவிடமிருந்து. உடனே கிளம்பிப் போய்விட்டாள். ஒன்பது வருஷமாக அவள் மிதிக்காத வாசல் அது.

புருஷனுக்குப் போன் செய்து, "அத்தைக்கு சீரியஸ்" என்று மட்டும் சொன்னதாக அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணே, சொல்லு." செம்மொழியின் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தம். சாவு வீட்டை விட்டுக் கடற்கரைப் பக்கம் ஒதுங்கி நின்று பேசினாள். "அவரு வந்துட்டாரா?"

"போர்டிங் கேட் கிட்ட நிக்கிறதா மெசேஜ் போட்டிருக்காரு. செம்மொழி, நான் யோசிச்சுப் பாத்தேன். உள்ள ஏத்தி உக்கார வச்சுப் பக்குவமா நானே சொல்லிடறேன்."

"வேணாம்ணே! எங்க மாமனாரு சாவ மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஜெயபாலின் அப்பா உலகநாதன் செத்தபோது யாரோ ஒருத்தர் ஜெயபாலுக்குப் போனில் பட்டென்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் லாரிக்கு அடியில் போனான். உயிர் தப்பியது, கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கட்டோடு கிடக்க, அங்கே அப்பனை எடுத்துவிட்டார்கள். 'அப்பன் மொகத்த பாக்காதவன்' என்று ஊரில் ஒரு பேர் நின்றுவிட்டது.

"இந்தத் தடவை மொகத்தப் பாத்தே ஆகணும்ணே. நாலு மணிக்கு எடுக்கறாங்க. ஊரு காத்திருக்காது. நீ அவரக் கொண்டாந்து வாசல்ல எறக்கு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"சரி."

"இன்னொண்ணு." செம்மொழி கொஞ்சம் தயங்கினாள். "மைக்ல நீ எப்பவும் போலப் பேசணும். நீ பேசறதப் போன்ல எடுத்து எல்லாருக்கும் அனுப்புற மனுசன் அவரு. நீ ஜோக் அடிக்கலன்னா அவருக்குப் பட்டுனு வெளங்கிடும்."

"ஏய், செத்துக் கெடக்கறது அவரு அம்மா..."

"தெரியுதுண்ணே. நான்தான இங்க பொணத்துகிட்ட இருக்கேன்."

போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து இருக்கையில் துணை விமானி ஃபஹ்மிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாகூர்ப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனசில் பட்டதை மடித்து வைக்கத் தெரியாது.

"சார், திருச்சி வரைக்கும் இந்த செக்டர் நான் ஓட்டறேன்."

"நானே கேக்கணும்னு இருந்தேன்."

"அனவுன்ஸ்மென்ட்டையும் விட்டுடுங்க. நான் ரெண்டு வரி சொல்லிடறேன்."

"இல்லம்மா. அத நான்தான் பண்ணணும்."

ஃபஹ்மிதா பெல்ட்டை இறுக்கினாள். "எங்க வாப்பா மவுத்தானப்ப என்னையும் இப்படித்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சீரியஸ், சீரியஸ்னு. வழி பூரா நான் துவா கேட்டுக்கிட்டே போனேன், பொழைக்கணும்னு. அல்லாகிட்ட எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கோம்னுகூடத் தெரியாம. நல்லதுக்குத்தான் மறைக்கறாங்க சார். யாரோட நல்லதுக்குன்னுதான் எனக்கு இன்னும் தெரியல."

அன்பரசன் எழுந்தான். பேருந்து வந்து விமானத்தின் பின்னால் நின்றுவிட்டது.

இந்த வகை விமானத்தில் ஏறுகிற வாசல் வால் பக்கம் இருக்கிறது. இருக்கை எண்ணோ மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. வாசலில் நுழைகிறவன் முதலில் பார்ப்பது கடைசி வரிசையை. டவுன்பஸ்ஸில் பழகிய நம் ஜனங்களுக்கு இது பிடிபடாது. அதனால் ஆட்களை ஏற்றும்போது அன்பரசன் நடைபாதைக்கு வந்துவிடுவான். சந்தையில் வழி சொல்கிறவன் மாதிரி இரண்டு கிண்டல், மூன்று கும்பிடு என்று ஆளை நகர்த்திவிடுவான். பணிப்பெண்களுக்கு அது பெரிய உதவி.

இன்றைக்கும் வந்தான். இடுப்பு வலியைக் காட்டாமல் நடந்தான்.

ஏழாம் வரிசையில் ஜன்னலோரம் ஜெயபால் உட்கார்ந்திருந்தான். துவைத்த சட்டை. நகக் கண்ணில் போகாத கிரீஸ் கறுப்பு. அன்பரசனைப் பார்த்ததும் பாதி எழுந்து, தலையில் மேல்தட்டு இடித்து, உட்கார்ந்தான்.

"பாத்து மாப்ள. இடிச்சு ஒடைச்சா எனக்குத்தான் சம்பளத்துல பிடிப்பாங்க."

ஜெயபால் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கவலை இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, "மச்சான், அம்மா என்னைக் கேட்டுச்சாமே?" என்றான்.

அன்பரசனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"செம்மொழி சொன்னா. நேத்து ராத்திரி கனகாகிட்ட, 'ஜெயபால வரச் சொல்லு'ன்னு சொல்லுச்சாம். ஒம்பது வருசம் மச்சான். என் பேர ஒம்பது வருசம் கழிச்சுச் சொல்லியிருக்கு." அவன் கண் ஓரம் நனைந்திருந்தது. "சீரியஸா இருந்தாலும் பரவால்ல, தேறிடும். இந்தச் சண்டைய வச்சுக்கிட்டுத்தான் அது ஒடம்பு கெட்டுப் போச்சு. நான் போயி நின்னா தேறிடும்."

இதைச் செம்மொழி சொல்லவில்லையே. சீரியஸ் என்று மட்டும் சொன்னதாக அல்லவா சொன்னாள். அன்பரசன் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினான். தட்டிய கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போது பின்னால் சண்டை கேட்டது.

பன்னிரண்டாம் வரிசையில் நடைபாதையோர இருக்கையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, கைத்தடியோடு ஒரு அம்மாள் நின்றாள். நடுவில் பணிப்பெண் கையைப் பிசைந்தாள்.

"கதவுலேருந்து எண்ணித்தாம்மா உக்காந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. இது ஏழுதான். யாரு வேணா எண்ணிப் பாருங்க."

"அது பன்னெண்டு. மேல எழுதியிருக்குல்ல? முட்டி வலிக்காரி நான். கதவுக்குக் கிட்டக்க வேணும்னு கூடக் காசு கட்டி வாங்கின சீட்டு. எழுந்திருங்கோ."

"தாத்தா, நீங்க 7சி. முன்னாடி வாங்க, நான் காட்டறேன்" என்றாள் பணிப்பெண்.

7சி என்றால் ஜெயபாலுக்குப் பக்கத்து இருக்கை. அன்பரசன் அதை யோசித்துக்கொண்டே நெருங்கும்போது பெரியவரின் போன் அடித்தது. அவர் காதில் வைத்துக் கடல் காற்றுக்கு எதிராகக் கத்துகிற குரலில் பேசினார்.

"ஆமாப்பா, பக்கிரிதான். ஏறிட்டேன், ஏறிட்டேன். சுந்தரிய நாலு மணிக்குத்தான எடுக்கறீங்க? வந்துர்றேன். திருத்துறைப்பூண்டி மார்க்கட்டுல முப்பது வருசம் என் கடைக்குப் பக்கத்துல கூடை வச்சவ. நான் வராம எப்பிடிப்பா?"

அன்பரசனுக்கு இடுப்பு வலியும் மறந்துபோயிற்று.

பக்கிரி ஏழாம் வரிசையில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். விமானம் ஓடுபாதைக்குப் போவதற்குள் ஆரம்பித்துவிடும். எந்த ஊரு தம்பி? யாரு மகன்? எந்தத் தெரு? சுந்தரி மகனா நீ? நம் பக்கத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொள்ளாமல் இருந்ததே கிடையாது.

பணிப்பெண் பெரியவரின் கைப்பையைத் தூக்கிவிட்டாள். அன்பரசன் அதை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி மேல்தட்டில் வைத்தான்.

"ஐயா இங்கயே இருக்கட்டும்."

"சார்?" என்றாள் பணிப்பெண்.

"ஐயா எண்ணினதுதான் கணக்கு. நம்ம ஊர்ல கதவுலேருந்துதான் எண்ணுவோம். தப்பு பிளேன் கட்டினவன் மேல."

நாலு பேர் சிரித்தார்கள். பக்கிரி வெற்றியோடு நிமிர்ந்தார். கைத்தடி அம்மாள் சிரிக்கவில்லை.

"அப்போ நான் தூக்குக் கயிறு மாதிரித் தொங்கிண்டு வரட்டுமா?"

"அம்மா, உங்க பேரு?"

"கமலாம்பாள். தஞ்சாவூர் மேல வீதி. போலீஸ் மாதிரிப் பேரெல்லாம் கேட்டா நான் பயந்துட மாட்டேன்."

"பயந்துக்காதீங்க. ஒரு உதவி. இந்த விமானத்துல பாரம் சமமா இருந்தாத்தான் நேராப் போகும். பின்பக்கம் கொஞ்சம் கனம் ஜாஸ்தி. உங்கள மாதிரி ஒரு கனமான ஆளு முன்னாடி வந்தாத் தேவல."

"கனமா? நாப்பத்தஞ்சு கிலோ நான்!"

"பேச்சச் சொன்னேம்மா."

வரிசை முழுக்கச் சிரித்தது. கமலாம்பாள் அடக்கிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். "பொய் சொல்றேள்னு தெரியறது. போறது" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக முன்னால் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் வலி முகத்தில் தெரிந்தது. அன்பரசன் கையைக் கொடுத்துக் கூட்டிப் போய் ஜெயபாலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"என்ன மச்சான் அங்க?"

"சீட்டு கொழப்பம், மாப்ள. தீந்துடுச்சு."

விமானி அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. ஃபஹ்மிதா அவன் முகத்தைப் பார்த்தாள். சரிபார்க்க வேண்டியதையெல்லாம் படித்தார்கள். எஞ்சின் சத்தம் எழுந்தது. மேலே ஏறி மேகத்தைத் தாண்டிச் சமன் ஆனதும் அன்பரசன் மைக்கை எடுத்தான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மறுபடி எடுத்தான்.

"வணக்கம். கேப்டன் அன்பரசன் பேசறேன். எல்லாரும் திருச்சிக்குத்தான் போறீங்கன்னு நம்பறேன். மதுரைக்குப் போறவங்க யாராவது தப்பா ஏறியிருந்தா, மன்னிச்சுக்குங்க, வழியில நிறுத்தி எறக்கிவிட இங்க ஸ்டாப்பிங் கெடையாது."

மூடிய கதவைத் தாண்டிச் சிரிப்பு கேட்டது. பழகிய சிரிப்பு. அவன் நாக்கு தானாக ஓடியது. ஏர் பூட்டின மாடு சால் விட்டு விலகாத மாதிரி.

"இன்னிக்கு ஓட்டறது துணை விமானி ஃபஹ்மிதா. அதனால தரையிறங்கறப்ப மெத்துனு இருக்கும். நான் எறக்கினா மட்டும்தான் எறங்கிட்டோம்னு எல்லாருக்கும் தெரியும். ஜன்னலோரம் இருக்கறவங்க கொள்ளிடம் வந்ததும் பக்கத்துல இருக்கவங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்க. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜெயபால் போனில் பதிவு செய்துகொண்டிருப்பான். தன்னைப் பற்றி மச்சான் ஒரு வார்த்தை சொல்லுவானா என்று காத்திருப்பான். சொல்லாவிட்டால் சந்தேகப்படுவான்.

"கடைசியா ஒண்ணு. எங்க வீட்டு மாப்பிள்ளை இன்னிக்கு நம்மளோட வர்றாரு. ஏழாம் நம்பர். கல்யாணத்துல அவருக்குக் காரு போடறதாச் சொல்லிட்டுப் போடல. ஒம்பது வருசமா மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாரு. அதான் இன்னிக்கு பிளேனே அனுப்பிட்டோம். எல்லாரும் ஒரு கை தட்டுங்க, கோவம் போவட்டும்."

கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள்.

மைக்கை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பணிப்பெண் உள்தொலைபேசியில் வந்தாள். "சார், உங்க மாப்பிள்ளை எழுந்து நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டாரு. செம காமெடி சார்."

ஃபஹ்மிதா கருவிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொன்னபடியே மெத்தென்று இறக்கினாள்.

திருச்சியில் அன்பரசனின் கார் நின்றது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, ஜெயபாலை இழுக்காத குறையாக வெளியே கூட்டி வந்தான். காரில் ஏறப்போகும் நேரம், பின்னால் செருப்புச் சத்தம்.

"தம்பி, கேப்டன் தம்பி!"

பக்கிரி. ஒரு கையில் பை, ஒரு கையில் தூக்கிப் பிடித்த வேட்டி நுனி. அன்பரசன் ஜெயபாலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் போய் அவரை மறித்தான்.

"எந்தப் பக்கம் தம்பி போறீங்க?"

"தஞ்சாவூருங்க."

"அதுவரைக்கும் ஏத்திக்கிட்டாப் போதும். அங்கேருந்து பஸ் புடிச்சுடுவேன். ஒரு சாவுக்குப் போவணும், நேரம் ஆவுது."

"வண்டியில எடம் இல்லங்க."

பக்கிரி காரைப் பார்த்தார். பின் இருக்கை காலியாக இருந்தது. அவனைப் பார்த்தார். பிளேனில் தன் பக்கம் பேசிய பிள்ளைக்கு இதற்குள் என்ன ஆயிற்று என்று யோசித்திருக்க வேண்டும். "சரி தம்பி. நல்லாருங்க" என்று பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார்.

அன்பரசன் வண்டியை எடுத்தான். கண்ணாடியில் பார்க்கவில்லை.

தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டு மன்னார்குடிச் சாலையில் திரும்பினார்கள். மாசி அறுவடை. வடுவூர் தாண்டியதும் சாலையின் ஒரு பாதி நெல்லுக்குப் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காத நெல், தார் மேல் காய்ந்தது. பெண்கள் காலால் துழாவிக்கொண்டே போனார்கள். வண்டி ஊர்ந்தது.

"நான் ஓட்டறேன் மச்சான். கண்ணு செவந்துருக்கு உங்களுக்கு."

"வேணாம் மாப்ள."

"இடுப்புதான? உக்கார்றதுலயே தெரியுது." ஜெயபால் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுருட்டி, அன்பரசன் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் செருகினான். "இப்ப?"

உண்மையிலேயே வலி குறைந்தது.

ஜெயபால் கனகாவுக்கு அடித்தான். எடுக்கவில்லை. செம்மொழிக்கு அடித்தான். அவளும் எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டதா செம்மொழி சொன்னா, கூட்டமா இருக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சும்மா இருக்க முடியாமல் பேசினான். சின்ன வயசில் அம்மா கூடையில் கடைசி மீனை விற்காமல் அவனுக்கென்று எடுத்து வருவதை. அப்பன் அடிக்கும்போது குறுக்கே விழுந்ததை. கல்யாணத்தன்று அதே அம்மா மண்ணை வாரித் தூற்றியதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"மச்சான், ஒரு விசயம் கேக்கறேன். மொத வார்த்தை என்ன சொல்றது?"

"எதுக்கு?"

"போயி நிக்கிறப்ப. ஒம்பது வருசம் கழிச்சு. 'எப்பிடிம்மா இருக்கே'ன்னா, சீரியஸா இருக்கறவகிட்ட அதக் கேக்கறது நல்லாருக்காது. 'வந்துட்டேம்மா'ன்னு சொன்னா, இத்தன நாளு எங்கடா போனேன்னு கேக்கும். நீங்க நல்லாப் பேசுவீங்கல்ல, ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க."

அன்பரசன் கியரை மாற்றினான். இப்போது சொல்லிவிடலாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, கையைப் பிடித்து, சொல்லிவிடலாம். இங்கே மோட்டார் சைக்கிள் இல்லை, லாரி இல்லை. மாப்பிள்ளை எங்கேயும் ஓடிவிட மாட்டான். இன்னும் மறைக்க என்ன காரணம் என்று தேடினான். செம்மொழிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. சொன்ன மறு நிமிஷம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியவன் அவன்தான்.

"அங்க போனாத் தானா வரும் மாப்ள" என்றான்.

"அதுவும் சரிதான்."

திருத்துறைப்பூண்டிக்குள் நுழைந்ததும் வண்டி நின்றே விட்டது. அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி ஒன்று திருப்பத்தில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்தது. அன்பரசன் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் இருந்தது, அதிகமாக இல்லை. லாரி பின்னால் வர வழிவிட்டு, வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினான்.

அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. டீக்கடையை ஒட்டி மின்கம்பம். மின்கம்பத்தில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ். கட்டிய கயிற்றின் நுனியைக்கூட இன்னும் வெட்டவில்லை.

'கண்ணீர் அஞ்சலி.'

ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். தலைக்குப் பின்னால் வெளிச்சம் போட்டிருந்தார்கள். சுந்தரி யாரோடோ விலை பேசி முடித்த முகத்தோடு சாலையைப் பார்த்தாள். மார்க்கெட் மீன் வியாபாரிகள் வைத்தது. சாவு விழுந்து அரை நாளுக்குள் ஊர் ஊராக ஃபிளெக்ஸ் நிற்கும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரிந்ததுதான். போனை அடைத்தார்கள், பக்கிரியை அடைத்தார்கள். இதை அண்ணனும் நினைக்கவில்லை, தங்கையும் நினைக்கவில்லை.

ஜெயபால் பார்த்துவிட்டான்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். ஃபிளெக்ஸுக்கு முன்னால் போய் நின்று, தேதியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். கடைசியில், 'கண்ணீருடன்' என்பதற்குக் கீழே, முதல் பேர் அவனுடையது. 'மகன் ஜெயபால்.' அடுத்து, 'மருமகள் செம்மொழி.' அதற்கப்புறம்தான் கனகா. ஒன்பது வருஷமாக அந்த வீட்டுப் பத்திரிகை எதிலும் போடாத பேர்கள். அவன் தன் பேரின் மேல் விரலை வைத்தான். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அன்பரசன் இறங்கிப் போவதற்குள் அவனே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

"மெட்ராஸ்லயே தெரியுமா?"

"தெரியும்."

"பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியேவா?"

"விடியக்காலையிலயே மாப்ள."

ஜெயபால் தலையாட்டினான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிறவன். அதே கவனத்தோடு கேட்டுக்கொண்டான்.

"அம்மா என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சுன்னு செம்மொழி சொன்னா. அது நெசமா? இல்ல, அதுவும் சும்மா சொன்னதா?"

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. எங்கிட்ட அவ அதச் சொல்லவே இல்ல."

"அப்ப அவளத்தான் கேக்கணும்."

லாரி ஒருவழியாகத் திரும்பியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நாலு மணிக்குத்தான் எடுக்கறாங்க மாப்ள. மொகம் பாத்துடலாம்."

"வண்டிய எடுங்க."

ஊரைத் தாண்டினார்கள். வயல் குறைந்து, கருவேலங்காடு வந்தது. காற்றில் உப்பு ஏறியது. அன்பரசன் சொன்னான்: "ஒனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதான் மாப்ள. போன தடவ மாதிரி..."

"அது தெரியுது மச்சான். நீங்க யாரும் கெட்டவங்க இல்ல." ஜெயபால் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் திரும்பிப் பாத்துக் கை தட்டினாங்க. நான் எழுந்து நின்னு கும்பிடு போட்டேன். அந்நேரம் அங்க எங்கம்மாவக் குளுப்பாட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க."

அன்பரசனின் போன் அடித்தது. செம்மொழி. அடித்து அடித்து நின்றது. இருவரும் அதை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"பெத்தவ செத்தா விடிஞ்சதுலேருந்து அழணும் மச்சான்" என்றான் ஜெயபால். குரல் உயரவில்லை. "நான் சிரிச்சுக்கிட்டு வந்திருக்கேன். எங்கம்மாவுக்கு நான் அழ வேண்டிய அரை நாள் அழுகை உங்ககிட்ட பாக்கி நிக்குது."